மாஷுக்கு ஓர் அவசரம்

மட்டாஞ்சேரியில் என் கையால் உண்டானவை என்னென்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் கேட்க ஆள் இருக்காது.

முதலாவது, சாக்குக்கடை. தென்காசிப் பக்கமிருந்து ஒரு கோணி ஊசியும் மூன்றாம் வகுப்புப் படிப்பும் மட்டும் வைத்துக்கொண்டு கொச்சிக்கு வந்தவன் நான். (மூன்றாம் வகுப்பும் முழுசு இல்லை. ஆனியில் வாத்தியார் அடித்தார். ஆடியில் பஸ் ஏறிவிட்டேன்.) ஜூ டவுன் என்கிற யூதத் தெருவில் மிளகுக் கிடங்குகளின் வாசலில் குந்தி உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக் கொடுத்தவன், அதே கிடங்குகளுக்கெல்லாம் சாக்கு கொடுக்கிற ‘சாக்கு அண்ணாச்சி’ ஆனேன். சாக்குச் சொல்லிப் பிழைத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். சாக்கு விற்றுப் பிழைத்தவன் நான்.

இரண்டாவது, வீடு. “இந்த மண்ணுல மாடி நிக்காது, அடியில காயல் தண்ணி” என்று மேஸ்திரிகளே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லுகிறவர்கள், தாங்கள் நேராக நிற்கிறோமா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, என் மகள் கனகா. எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. (பெற்றது பேச்சியம்மாள்தான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.)

நான்காவது, எங்கள் வார்டின் கவுன்சிலர். ஆமாம், அவரையும் நான்தான் உண்டாக்கினேன். ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகக் காதில் வாங்கி.

அது தொண்ணூறுகள் முடிகிற சமயம். எங்கள் சந்தில் இருப்பதெல்லாம் தமிழ்க் குடும்பங்கள். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை, மார்க்கெட்டில் சுமை தூக்குவது, இஸ்திரி வண்டி, இட்லிக்கடை, அப்புறம் நான். சந்துக் கடைசியில் ஒரு பொதுக் கக்கூஸ். அதற்குக் கதவுகள் இருந்த காலத்தை எங்களில் மூத்தவர்கள் மட்டுமே கண்டிருந்தார்கள். கதவு போன இடத்தில் தொங்கியது என் சாக்கு. சும்மாதான் கொடுத்தேன். (இதையும் யாரும் எங்கேயும் சொல்வதில்லை.) காயலில் தண்ணீர் ஏறும் நாட்களில் ஓடை வழியே உள்ளே வந்து, போனவரைத் தானாகவே வெளியே கிளப்பிவிடும். பெண்கள் விடியுமுன்பே போய்வருவார்கள். ஒருத்தி உள்ளே; இன்னொருத்தி காற்றில் பறக்காமல் சாக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே.

நான் சும்மா இருப்பேனா? வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் கட்டினேன். எர்ணாகுளம் பிராட்வேயில் போய் ரோஸ் கலர் டைல்ஸ் எடுத்தேன். ஜூ டவுனில் பழம்பொருள் கடையிலிருந்து நீலப்பூப் போட்ட பீங்கான் குளோசெட் வாங்கினேன். “இதில் ஒரு டச்சு கவர்னர் இருந்நிட்டுண்டு”, அதாவது உட்கார்ந்திருக்கிறார் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். (டச்சுக்காரர்கள் காலத்தில் குளோசெட்டே கிடையாது என்று கனகா பின்னால் கண்டுபிடித்தாள். படிக்க வைத்ததற்கு நான் அடைந்த பலன்.) கதவும் அதே கடையில்தான். ஏதோ பழைய பங்களாவை இடித்தபோது வந்த தேக்கு. இரண்டு தாமரை செதுக்கியது. பித்தளைக் குமிழ்கள். மேலே ஒரு வரிசை குட்டி மணி.

ஒரே ஒரு குறை. குளோசெட்டுக்குக் கீழே குழாய் இருந்தது. குழாய்க்குக் கீழே ஒன்றும் இல்லை.

தொட்டி தோண்டலாம் என்றால் முழங்கை ஆழத்தில் தண்ணீர். சந்துக்குக் கார்ப்பரேஷன் சாக்கடை வந்ததும் இணைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆகவே காலையில் எல்லாரையும் போல நானும் வாளியோடு சந்துக் கடைசிக்குத்தான் போவேன். “வீட்டுல அம்புட்டுப் பெரிய பாத்ரூம் இருக்கே, அண்ணாச்சி?” என்று எவனாவது கேட்டால், “என் சாக்கு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்” என்பேன்.

எனக்கு இன்னொரு பெயரும் உண்டு. மூக்கு. காலிச் சாக்கில் மூக்கை நுழைத்து, முந்தின வருஷம் அதில் இருந்தது வயநாட்டு மிளகா, இடுக்கி மிளகா என்று சொல்லிவிடுவேன். ஆளையும் அப்படித்தான். ஒரு பார்வை, ஒரு மூச்சு, தீர்ந்தது. தேர்தல் வந்தால் சந்து மொத்தமும் என் மூக்கைக் கேட்டுத்தான் ஓட்டுப் போடும். போன தடவை நான் கைகாட்டிய ஆள் ஜெயித்தார். ஜெயித்த கையோடு எர்ணாகுளத்துக்குக் குடிபோய்விட்டார். அதன்பிறகு அவரைச் சுவரொட்டியில்தான் பார்த்தோம்.

எனவே இந்தத் தடவை சாயாக்கடை மாரிமுத்து எல்லார் முன்னாலும் வைத்துச் சொல்லிவிட்டான்:

“அண்ணாச்சி, இந்தத் தடவையும் ஒங்க மூக்கு ஏமாந்துச்சுன்னா, அப்புறம் அதச் சாக்குக்கு மட்டும் வச்சுக்கிடுங்க. எங்க வீட்டுப் பொம்பளைக இன்னும் ஒரு அஞ்சு வருஷம் இருட்டுல போயி நிக்க முடியாது, ஆமா.”

“ஏல மாரி, என் மூக்கப் பத்தி ஒனக்கு என்னல தெரியும்?”

“பெருசுன்னு தெரியும்.”

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் இளைஞர். எதைக் கேட்டாலும் “உடைச்செறிவோம்” என்பார். அவரோடு வருகிற பையன்கள் “உடைச்செறிவோம், உடைச்செறிவோம்” என்று ஜீப்பைத் தட்டுவார்கள். கதவே இல்லாத கக்கூஸில் உடைப்பதற்கு என்ன இருக்கிறது என்பது என் சந்தேகம்.

மற்றவர் தாமோதரன் மாஷ். ரிட்டயரான ஹெட்மாஸ்டர். பழமை என்றால் அப்படியொரு பழமை. வீட்டு டி.வி.யைத் துணிபோட்டு மூடிவைத்து, செய்தி நேரத்துக்கு மட்டும் துணியை விலக்குவாராம். வெளியே பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். அவருடைய வெள்ளை முண்டில் கஞ்சி எவ்வளவு என்றால், உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். பெண்பிள்ளைகள் விளக்கு வைக்குமுன் வீடு சேரவேண்டும்; பழைய முறைகளை விட்டதால்தான் நாடு கெட்டது; நைட்டி உடுத்தித் தெருவில் நிற்பது குடும்பத்துக்கு ஆகாது. (“நைட்டி ராத்திரிக்குள்ளது. பேரில் தந்நெ உண்டு” என்பது அவருடைய பெரிய பாயிண்ட்.) எந்தக் கூட்டத்திலும் சாக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

தூரத்திலிருந்து ஒருநாள் பார்த்தேன். மூக்கு உடனே சொல்லிவிட்டது: கஞ்சி போட்ட சாக்கு. மேலே விறைப்பு, உள்ளே காற்று. இருந்தாலும் பக்கத்தில் வைத்து ஒரு மூச்சுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தொழிலுக்கு அழகில்லை. என் வீட்டு வாசலிலேயே வந்து பேசச் சொல்லி அவருடைய ஆள் சசியிடம் சொல்லியனுப்பினேன்.

சசி ஓடிவந்தான். “அண்ணாச்சி, மாஷ் ஞாயறாழ்ச்ச வரும். நிங்ஙள்க்கு வேண்டி தமிழில் தந்நெ பிரசங்கிக்கும். அதினு இருந்நு படிக்குகயா, பாவம்.”

தமிழிலேயே பேசப்போகிறாராம், அதற்காக உட்கார்ந்து படிக்கிறாராம். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு இளகியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியதும் நாற்காலியில் ஏறி நின்று உத்தரவு போட்டேன்: “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. மாஷ் நமக்காகத் தமிழ்ல பேசுதாரு. யாரும் அத மலையாளமா எடுத்துக்கிடக் கூடாது. தமிழாவே கேக்கணும்.”

இந்த உத்தரவுதான் என்னைக் கவிழ்த்தது.

அதற்குமுன் வீட்டுக்குள் ஒரு சண்டை. பேச்சியம்மாள் நைட்டியில் இருந்தாள்.

“சேலை கட்டிக்கோ. வர்றவருக்கு நைட்டி ஆகாது.”

“அவருக்கு ஆகலன்னா அவரு உடுத்த வேண்டாம்.”

“ஏட்டீ, ஒருநாள் மட்டும்…”

“இங்க பாருங்க. ஓட்டுக் கேக்க வர்றவரு வாசல்ல நிப்பாரு. நான் அடுப்படில நிப்பேன். நடுவுல நீங்க நில்லுங்க, மறைக்கும்.”

(மறைக்கும்தான். அப்போதே எனக்கு உடம்பு கொஞ்சம் அகலம்.)

ஐப்பசி மழை ஒருவாரமாக விடாமல் பெய்து அன்றுதான் வெறித்திருந்தது. மாஷ் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். நெற்றியில் சந்தனம். எல்லாரையும் கும்பிட்டார். சாயா வேண்டாம் என்றார். நான் பக்கத்தில் போய் நின்று ஒரு மூச்சு இழுத்தேன். கற்பூரம், பழைய புத்தகம், கொஞ்சம் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தமிழ்தான் என்று இப்போது தெரிகிறது.

“தமிழ்ச் சகோதரர்களே, சகோதரிகளே,” என்று தொடங்கினார். “நான் அதிகம் பேச மாட்டேன்.”

கைதட்டல். தமிழுக்கா, அதிகம் பேசாததற்கா என்று தெரியவில்லை.

“எனக்கு…” என்று நிறுத்தினார். அடுத்த சொல்லை வானத்தில் தேடினார். நெற்றியில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு வியர்வை. இடதுகையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். (முண்டு அவிழ்ந்துவிடாமல் பிடித்தது என்று பிறகு தெரிந்தது.) “எனக்கு… ஒரு… அவசரம்…”

மறுபடியும் நிறுத்தினார்.

மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. ‘எனக்கு ஒரு அவசரம் தரணும்’ என்றால் எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள் என்று அர்த்தம். இது கொச்சியில் பிறந்த பூனைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தமிழாகவே கேட்கவேண்டும் என்று உத்தரவு போட்டவன் நானல்லவா? அறுபது தாண்டிய மனிதர், வயிற்றில் கை, முகத்தில் வியர்வை, ‘எனக்கு ஒரு அவசரம்’ என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நிற்கிறார். தமிழில் இதற்கு என்ன அர்த்தம்? நெஞ்சைத் தொட்டு நீங்களே சொல்லுங்கள்.

‘தாருங்கள்’ என்ற கடைசிச் சொல் அவர் வாயில்தான் இருந்தது. அது வெளியே வருமுன் நான் அவருடைய முழங்கையைப் பிடித்துவிட்டேன்.

“கூச்சப்படாதீங்க, மாஷே. நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க. எல்லாம் தயாரா இருக்கு. வாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. கேட்டவுடனேயே அவசரம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அழைத்துப்போனேன். மனசுக்குள் ஒரே ஓட்டம். சாக்குத் தொங்குகிற இடத்துக்கு ஒரு ஹெட்மாஸ்டரைக் கொண்டுபோக முடியுமா? நம் பாத்ரூம்தான். குழாய்க்குக் கீழே ஒன்றும் இல்லையே? இல்லாவிட்டால் என்ன, அது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? நடப்பது நடக்கட்டும். பேச்சியம்மாளைச் சமாளித்துக்கொள்ளலாம்.

தேக்குக் கதவின் முன்னால் மாஷ் நின்றார். தாமரையைப் பார்த்தார். பித்தளைக் குமிழைப் பார்த்தார். மணிகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மேல்துண்டை இடுப்பில் கட்டினார். கைகளைக் கூப்பி, தலை குனிந்து, வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே போனார்.

இவ்வளவு பக்தியோடு பாத்ரூமுக்குள் நுழைந்த ஒரு மனிதரை நான் அதற்குமுன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பழமையில் ஊறியவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதைப் பூஜையறை என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. மரியாதையாகக் கதவை இழுத்துச் சாத்தினேன். ஒருவாரம் மழையைக் குடித்து உப்பியிருந்த தேக்கு, சட்டத்தில் போய் ‘கும்’ என்று உட்கார்ந்துகொண்டது.

வாசலுக்கு வந்தேன். “மாஷுக்கு அவசரம். கொஞ்சம் பொறுங்க” என்றேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த விஷயத்தில் காத்திருப்பது எங்கள் சந்துக்குப் பழக்கம்.

உள்ளே முதலில் மணிச்சத்தம். பிறகு தட்டுகிற சத்தம். பிறகு மெலிந்த குரல்.

“அண்ணாச்சீ… இது ஏது முறி?”

“பாத்ரூம்தான், மாஷே. லைட் சுவிட்ச் இடதுபக்கம்.”

“ஞான் எந்தினா இவிடே?” எதற்காக இங்கே என்கிறார்.

“அவசரம்னு சொன்னீங்களே.”

அப்புறம், “ஈஸ்வரா” என்று ஒரு மூச்சு. அப்புறம் வகுப்பறைக் குரலில், “சான்ஸ்! அண்ணாச்சீ, சான்ஸ்! ஞான் சோதிச்சது சான்ஸ்!” கேட்டது சான்ஸாம்.

முதலில் சிரித்தது மாரிமுத்து. அப்புறம் சந்து முழுவதும். சசி மட்டும் சிரிக்கவில்லை. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் நான் விடவில்லை.

“ஒண்ணும் ஆகல. கதவத் தொறந்து வந்துருங்க மாஷே.”

திறக்கவில்லை. அவர் தள்ளினார். நான் இழுத்தேன். பிறகு அவர் இழுத்தார், நான் தள்ளினேன். அந்தக் கதவை மழைக்காலத்தில் கொஞ்சம் உயர்த்தி உள்பக்கமாக இழுக்கவேண்டும். அதைத் தெளிவாகச் சொன்னேன்.

“தூக்குங்க மாஷே! நல்லாத் தூக்குங்க!”

உள்ளிருந்து குரல்: “தூக்கானோ? ஆரெத் தூக்கான்?”

மலையாளத்தில் தூக்குவது என்றால் தொங்கவிடுவது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓட்டுக் கேட்க வந்த மனிதரைப் பாத்ரூமில் அடைத்து, தூக்குப் போட்டுக்கொள் என்று வெளியே நின்று கத்துகிறேன்.

“அண்ணாச்சி, நீங்க பேசாம இருங்க,” என்றான் மாரிமுத்து. “ஒங்க தமிழ் ஆளக் கொன்னுரும்.”

இந்தச் சத்தத்துக்கு, மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்த எதிர்க்கட்சி ஜீப் நின்றது. பையன்கள் ஒரு கடப்பாரையோடு ஓடிவந்தார்கள். கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “மாறி நிக்கு அண்ணாச்சி, ஒத்த அடி. உடைச்செறியாம்” என்று என்னை ஒதுங்கச் சொன்னார்கள். முதல்தடவையாக அவர்களுக்கு உடைக்க ஒன்று கிடைத்திருந்தது.

என் தேக்கு! என் தாமரை! நான் வாயைத் திறக்குமுன் உள்ளிருந்து ஒரு கர்ஜனை.

“உடைக்கண்டா! தொட்டுப் போகருது! இது நல்ல தேக்கு. இதுபோலே பணியான் இந்நு ஆளில்லா. உடைச்சால் பின்னெக் கிட்டில்லா. ஞான் இவிடே இருந்நோளாம்.”

உடைத்தால் திரும்பக் கிடைக்காது, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்கிறார். ஒரு ஹெட்மாஸ்டர். ஓட்டுக் கேட்க வந்த மனிதர். வெளியே ஊரே சிரிக்கிறது. எதிராளி கடப்பாரையோடு நிற்கிறான். அவர் கதவுக்காக உட்கார்ந்துவிட்டார். (உட்காருவதற்கு அங்கே இருந்தது அந்த ஒன்றுதான். கஞ்சி முண்டு நொறுங்குகிற சத்தம் கதவுவழியே கேட்டது.)

என் மூக்கு அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது என்பதை மறைக்கமாட்டேன்.

பையன்கள் சலிப்போடு கடப்பாரையைச் சாத்தினார்கள். மாஷ் உள்ளே சும்மா இருக்கிற ஆளா? கொஞ்சநேரத்தில், “அண்ணாச்சீ, ஈ க்ளோஸெட்டின்றெ பைப்பு எவிடேக்கா போகுந்நது?” என்று கேட்டார்.

நான் கேட்காத மாதிரி நின்றேன்.

“அண்ணாச்சி, பைப்பு எங்க போகுதுன்னு கேக்காரு,” என்றான் மாரிமுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி. “சொல்லுங்க. எர்ணாகுளத்துக்கா? பழைய கவுன்சிலரு போன எடத்துக்கா?”

சந்து முழுவதும் என் வாயைப் பார்த்தது. அத்தனை நாள் கட்டிக்காத்த மானம்.

“எங்கயும் போகல, மாஷே,” என்றேன். “சந்துல சாக்கடையே கிடையாது.”

“அப்போள் நிங்ஙளெல்லாரும்…?”

அவ்வளவுதான், அணை உடைந்தது. அதுவரை வேட்பாளர்கள் எங்கள் சந்துக்கு வந்தால் கும்பிட்டு, சிரித்து, குறையை யாராவது வாயெடுக்குமுன் அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள். இவர் போக முடியாது. கதவு பிடித்துவைத்திருக்கிறது. இஸ்திரி வண்டிக்காரர் முதலில் வந்து கதவில் வாயை வைத்துத் தன் குறையைச் சொன்னார். அவருக்குப் பின்னால் இட்லிக்கடை அக்கா. அவளுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். பாத்ரூம் வாசலில் வரிசை நிற்க எங்கள் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். உள்ளிருந்து மாஷ், “ஓரோருத்தராயிட்டு! ஒச்சை வேண்டா! அடுத்தது!” என்று சத்தத்தை அடக்கி வகுப்பு நடத்தினார். நடுவில் இரண்டு பேருக்குத் திட்டும் விழுந்தது, ஒரே புகாரைத் திரும்பச் சொன்னதற்கு.

கடைசியாகக் கனகா வந்தாள். அவளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் ஓடும். ஆனால் அன்றைக்குத் தமிழில்தான் கேட்டாள், நாங்கள் எல்லாரும் கேட்கவேண்டும் என்று.

“மாஷே, பெண்பிள்ளைகள் விளக்கு வைக்குமுன்ன வீட்டுக்குள்ள இருக்கணும்னு நீங்க எல்லா மீட்டிங்லயும் சொல்றீங்க. இந்தச் சந்துல நாங்க கக்கூஸ் போறது எப்போன்னு தெரியுமா? விடியுமுன்ன. இருட்டுல. கதவு இல்ல. ஒரு சாக்கு. அம்மா அதப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. எங்கள வீட்டுக்குள்ள இருக்கச் சொல்ற நீங்க, அதுக்கு வழி சொல்லுங்க.”

வரிசை மொத்தமும் கதவை நெருங்கியது. சாதாரணமாக அந்த இடத்தில் ஒரு வேட்பாளர் என்ன செய்வார்? ‘கண்டிப்பாகச் செய்வோம்’ என்பார். நான் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“மோளே,” என்றது குரல், மிகவும் தணிந்து. “அது ஞான் ஆலோசிச்சிட்டில்லா.”

அதை நான் யோசித்ததில்லை மகளே என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். “தள்ளுங்க எல்லாரும். ஒரு கதவத் தெறக்க ஒரு மாநாடு” என்று சொல்லிக்கொண்டே கீல்களிலும் இடுக்கிலும் எண்ணெயைத் தடவினாள். பிறகு எனக்கு அதுவரை தோன்றாத ஒரு காரியம் செய்தாள். மலையாளத்தில் பேசினாள்.

“பொக்கி வலிச்சோ, மாஷே! ஒந்நு பொக்கி வலிச்சோ!”

பொக்கி வலிப்பது என்றால் உயர்த்தி இழுப்பது. ஆனால் போன மாதம்தான் ஊரிலிருந்து வந்திருந்த மாரிமுத்துவின் மாமியாருக்கு அது தெரியாது. “ஐயோ, அந்த மனுசனுக்கு வலிக்குதாமே! யாராச்சும் டாக்டரக் கூப்பிடுங்களேன்!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின. கதவு திறந்தது.

மாஷ் நின்றார். சந்தனம் போய்விட்டது. முண்டில் கஞ்சி இருந்த இடமே தெரியவில்லை. நேர் எதிரே, பூப்போட்ட நைட்டியில், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு பேச்சியம்மாள். நான் நடுவில் நின்று மறைக்கப் போனேன். தாமதமாகிவிட்டது. அவர் அந்த நைட்டியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு கைகளைக் கூப்பினார்.

“நன்னி, பெங்ஙளே.”

சகோதரி என்கிறார். பேச்சியம்மாள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பிறகு மாஷ் கூட்டத்தைப் பார்த்தார். தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்று நினைத்திருப்பார், பாவம். தமிழில் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: “நான் உள்ளே ஒன்றும் செய்யவில்லை.”

“பழைய கவுன்சிலரும் அதத்தான் மாஷே சொன்னாரு!” என்றான் மாரிமுத்து.

மாஷ் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். சிரிக்கும்போது தெரிந்தது, என்னைப்போல அவருக்கும் ஒரு பல் இல்லை.

அவர் போனபின் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணாச்சி, மூக்கு என்ன சொல்லுது?” என்றான் மாரிமுத்து. கேலியாகத்தான் கேட்டான், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான்.

நான் தொண்டையைச் செருமினேன். “பழைய சாக்குதான். நான் சொல்லுறத எல்லாம் அவரு ஒத்துக்கிட மாட்டாரு, அவரு சொல்லுறத எல்லாம் நாமளும் ஒத்துக்கிட வேண்டாம். ஆனா உள்ள காத்து இல்ல மாரி. சரக்கு இருக்கு. ஓட்டை எங்கன்னு காட்டினா, இருக்குன்னு ஒத்துக்கிடுதாரு. அந்தச் சாக்கத் தச்சிரலாம்.”

சந்து அப்படியே ஓட்டுப் போட்டது. ஜெயித்தார். எர்ணாகுளத்துக்குக் குடிபோகவும் இல்லை. சாக்கடை வந்தது; மனுமேல் மனு போட்டு, கார்ப்பரேஷன் படியேறி, எல்லாரையும் வகுப்பில் நிற்கவைத்த மாதிரி நிற்கவைத்து இழுத்துக்கொண்டு வந்தார். புதுக் கக்கூஸ் வந்தது, கதவோடு. திறப்புவிழா அன்று ஒவ்வொரு கதவையும் அவரே உள்ளே போய்ப் பூட்டித் திறந்து பார்த்தார், வெளியே சசியை எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கச் சொல்லிவிட்டு. டி.வி.க்குத் துணி போடுவதை அவர் நிறுத்தவில்லை. விளக்கு வைக்குமுன் என்கிற பிரசங்கத்தையும் மற்ற வார்டுகளில் செய்துகொண்டுதான் இருந்தார். எங்கள் சந்தில் மட்டும் நைட்டியைப் பற்றிப் பேசமாட்டார். என் குளோசெட்டும் இணைந்தது. முதல் மரியாதை அவருக்குத்தான் என்று போய் அழைத்தேன். “வேண்டா அண்ணாச்சி,” என்றார். “எனிக்கு இப்போள் அவசரம் ஒந்நுமில்லா.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை. “ஓட்டுக் கேட்டுட்டு வாரேன்” என்பார்கள். கனகாவின் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முதல்முறை வந்து பாத்ரூம் எங்கே என்று மெதுவாகக் கேட்டபோது, பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்: “ஏங்க, மாப்பிள்ளைக்கு ஒரு அவசரம் குடுங்க! கதவ மட்டும் சாத்திராதீங்க!” பேரப்பிள்ளைகள் வந்தால் என் முன்னால் கைகூப்பி, வலதுகாலை எடுத்துவைத்துத்தான் உள்ளே போகிறார்கள். சிரிக்கட்டும். நான் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை.

சந்துக் கடைசியில் அந்தப் புதுக் கக்கூஸ் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. அதில் கவுன்சிலர் பெயர் இருக்கிறது. மேயர் பெயர் இருக்கிறது. இன்ஜினீயர் பெயர் இருக்கிறது. அன்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த சசியின் பெயர்கூட மூலையில் இருக்கிறது. என் பெயர் இல்லை. எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், “அண்ணாச்சி எந்து செய்து?” என்கிறார்கள். என்ன செய்தேனா? அன்றைக்கு அவர் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், மனிதர் பேசி முடித்து, கும்பிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போயிருப்பார். சரியாகப் புரிந்துகொண்டவர்களால் எந்தச் சந்துக்குச் சாக்கடை வந்திருக்கிறது?

கல்லின் அடியில் ஒரு சாண் இடம் வெறுமனே கிடக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன். என் பெயர் தாராளமாக அடங்கும். வெட்டவேண்டும். தமிழில் வெட்டவேண்டும். (மலையாளத்தில் பெயரை வெட்டுவது என்றால் அடித்துப்போடுவது.) மலையாளத்தில் வெட்டினால் எவனாவது அதற்கும் வேறு அர்த்தம் சொல்லிவிடுவான்.